எழுத்தோவியங்கள் உலாவிக்கு உலாவி உருமாறுவது ஏன்?

#1 சதுரத்தாள்

அனைவருக்கும் வணக்கம். விசைப்பலகைக் குறிகளை மட்டுமே கொண்டு வரையப்பட்ட எழுத்தோவியங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். அவற்றை இப்போது வலைப்பக்கத் தொகுப்பாக வெளியிட முயல்கிறேன். என் கணினியில் வழக்கமாகப் பயன்படுத்தும் உலாவியில் எல்லாப் படங்களும் ஒழுங்காகவே தெரிகின்றன. அதே பக்கத்தை வேறோர் உலாவியில் திறந்தால் நேராக நிற்க வேண்டிய சுவர்கள் வரிக்கு வரி முன்னும் பின்னும் விலகிவிடுகின்றன; கைப்பேசியில் வரிகள் நடுவிலேயே மடிந்து, படம் எது என்றே அடையாளம் தெரியாமல் போகிறது. வெற்றிடங்கள் மறையாமல் இருக்க ஒவ்வோர் இடைவெளிக்கும் உலாவி சுருக்காத பிரியா இடைவெளிக் குறியையும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரிமுறிப்புக் குறிச்சொல்லையும் இட்டிருக்கிறேன். எழுத்துருவை நான் குறிப்பிடவில்லை.

இவற்றை வரைந்தவர்கள் ஒவ்வொரு குறியையும் எண்ணி வைத்தவர்கள். அவர்கள் வைத்த இடத்தில் அது நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று வழிகாட்டுங்கள்.

#2 வரிவலை

வணக்கம். நீங்கள் கையாண்ட முறை தவறன்று. ஆனால் நோயின் ஒரு பகுதிக்கு மட்டுமே அது மருந்து. மீயுரைப் (எச்டிஎம்எல்) பக்கத்தில் அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களையும் வரிமுடிவுகளையும் உலாவி ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். பத்திகளை எழுதுவதற்கு அது வசதியான விதி, ஓவியத்துக்கோ அதுவே முதற்பகை. கீழே உள்ள சிறு வீட்டைப் பாருங்கள்:

   /\
  /  \
 /____\
 |    |
 |____|

இதை வெறும் பத்தியாக இட்டால் உலாவி காட்டுவது இதுதான்:

/\ / \ /____\ | | |____|

நீங்கள் பிரியா இடைவெளிகளைக் கொண்டு இந்தச் சுருக்கத்தைத் தடுத்திருக்கிறீர்கள். எனினும் படத்தை ஒருவர் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது சாதாரண இடைவெளிக்குப் பதிலாக வேறொரு குறி அவருக்குப் போய்ச் சேரக்கூடும். அதைத் தேடுவதும் கடினமாகலாம். சில நிரல்கள் அதை ஏற்பதும் இல்லை. ஆகவே அவை அனைத்தையும் நீக்கிவிட்டு ஒவ்வோர் ஓவியத்தையும் 'பிரீ' (pre) குறிச்சொல்லுக்குள் வையுங்கள். வெற்றிடங்களும் வரிமுடிவுகளும் நீங்கள் தட்டச்சு செய்தபடியே நிற்கும், உலாவி தானாக வரிகளை மடிக்காது, எல்லாக் குறிகளும் ஒரே அகலம் பெறும் சம அகல எழுத்துருவும் இயல்பாகவே அமையும்.

வேறு குறிச்சொல்லை இட்டு, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் நடைதாளான சிஎஸ்எஸ்ஸில் 'ஒயிட்-ஸ்பேஸ்' பண்பை மாற்றினாலும் இதே விளைவு கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்தின் நடைதாள் கூடவே வரும் வரையில்தான் அது உண்மை. பல தளங்களின் பதிவுகளைத் திரட்டித் தரும் ஓடைத்திரட்டிகளும் உலாவிகளின் வாசிப்பு முறையும் நடைதாளை உதறிவிடுவது வழக்கம். அங்கும் படத்தைக் காப்பது 'பிரீ' மட்டுமே.

இரண்டு எச்சரிக்கைகள். 'பிரீ' தொடங்கியவுடன் வரும் முதல் வரிமுடிவை உலாவி விழுங்கிவிடும் என்பதால், படத்தின் உச்சியில் வெற்று வரி வேண்டுமானால் இரண்டு வரிமுடிவுகளை இட வேண்டும். மேலும் 'பிரீ'க்குள்ளும் மீயுரை விதிகள் உயிரோடுதான் இருக்கின்றன. ஓவியத்தில் வரும் < என்ற கோணக்குறியையும் & என்ற குறியையும் அவற்றுக்குரிய மாற்றுக்குறிகளாக எழுதாவிட்டால், பறவையின் அலகைக் குறிச்சொல் என்று கருதி உலாவி அழித்துவிடும்.

#3 சதுரத்தாள்

மிக்க நன்றி, நண்பரே. நேற்றிரவு முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பெரும்பாலான படங்கள் இப்போது மூன்று உலாவிகளிலும் ஒன்றுபோல் தெரிகின்றன.

எஞ்சியவை மூன்று. எல்லாப் படங்களிலும் முதல் வரி மட்டும் சற்று வலப்புறம் தள்ளி நிற்கிறது. கோபுரத்தின் உச்சி கோபுரத்தைவிட்டு விலகியிருக்கிறது. அடுத்து, படங்கள் பக்கத்தின் மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாகத் தெரிகின்றன. மூன்றாவது, பெட்டி வரைவதற்கென்றே உள்ள பெட்டிக்கோட்டுக் குறிகளால் வரைந்த சட்டங்களில் நெடுங்கோடுகள் வரிக்கு வரி அறுந்து, புள்ளிக்கோடு போல் இருக்கின்றன.

#4 நேர்கோடு

முதல் வரி விலகுவதற்குக் காரணம் அநேகமாக உங்கள் நடைதாளிலேயே இருக்கும். பத்திகளின் தொடக்கத்தை உள்தள்ள 'டெக்ஸ்ட்-இன்டென்ட்' என்ற பண்பை முழுப் பக்கத்துக்கும் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பண்பு தாயிடமிருந்து பிள்ளைக்கு, அதாவது வெளிக் குறிச்சொல்லிலிருந்து அதனுள் இருப்பதற்கு, இறங்கும் தன்மையுடையது. 'பிரீ'யும் அதைப் பெற்றுக்கொண்டு தன் முதல் வரியைத் தள்ளி வைக்கிறது. 'பிரீ'க்கு அதைச் சுழியமாக்குங்கள். சொல்லிடை வெளியை மாற்றும் 'வேர்ட்-ஸ்பேசிங்' பண்பும் இவ்வாறே இறங்கி வரும். அது இன்னும் கொடியது. இடைவெளிக் குறிகளை மட்டும் அது அகலப்படுத்துவதால், வெற்றிடம் மிகுந்த வரி அதிகமாகவும் குறைந்த வரி குறைவாகவும் நகர்ந்து படம் சிதறும். அதையும் சுழியமாக்குங்கள். எழுத்திடை வெளி எல்லாக் குறிகளுக்கும் சமமாகச் சேர்வதால் வரிசையைக் குலைக்காது. ஆனால் கிடைக்கோடுகளைத் துண்டாக்கும்.

படங்கள் சிறுத்திருப்பது உலாவிகளின் பழைய வழக்கம். இயல்பான எழுத்தளவு 16 பிக்சல். எழுத்துருப் பட்டியலில் சம அகல எழுத்துருக்களின் பொதுப்பெயரான 'மோனோஸ்பேஸ்' மட்டும் இருந்தால் அது 13 பிக்சலாகக் குறைக்கப்படுகிறது. அந்தப் பெயரையே காற்புள்ளி இட்டு இரண்டு முறை எழுதினால் குறைப்பு நின்றுவிடும். விசித்திரமாகத் தோன்றினாலும் இது நெடுங்காலமாகப் பலரும் பயன்படுத்தும் தீர்வு.

நிரலாளர்களுக்கான சில எழுத்துருக்கள் கோட்டையும் கோணக்குறியையும் அடுத்தடுத்துக் கண்டால் இரண்டையும் இணைத்து ஒரே அம்பாக வரைந்துவிடும். ஓவியத்தில் அந்த இணைப்பெழுத்துகளையும் அணைத்து வையுங்கள்.

#5 அச்சுக்கோப்பவர்

அறுந்த கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இழையின் மையச் சிக்கலே அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

நாம் எழுத்தோவியம் என்று அழைப்பது உண்மையில் எழுத்துகளின் வரிசை அன்று. அது கட்டங்கள் நிறைந்த ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் உயரமும் வரைந்தவரின் மனத்தில் உறுதியாக இருந்தன. தட்டச்சுப்பொறியில் அந்தக் கட்டத்தை இயந்திரமே கொடுத்தது. 1898 ஆம் ஆண்டிலேயே ஃப்ளோரா ஸ்டேசி என்பவர் அதைக் கொண்டு ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைந்தார். வலைப்பக்கத்திலோ நாம் எழுத்துகளை மட்டும் அனுப்பிவிட்டு, கட்டத்தை வாசகரின் கணினியே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். உருமாற்றங்கள் அனைத்தும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

அகலத்தை எடுத்துக்கொள்வோம். கூரியர் நியூ எழுத்துருவில் ஒரு குறியின் அகலம் எழுத்தளவில் 0.6 பங்கு, கன்சோலாஸில் 0.55 பங்கு. 80 குறிகள் கொண்ட வரி 16 பிக்சல் அளவில் முன்னதில் 768 பிக்சலும் பின்னதில் 704 பிக்சலும் நீளும். படம் முழுவதும் ஒரே எழுத்துருவில் இருக்கும் வரை இதனால் தீங்கில்லை. அகலம் மாறினாலும் வரிசை குலையாது. ஆபத்து எங்கே வருகிறது என்றால், தேர்ந்த எழுத்துருவில் ஒரு குறி இல்லாதபோது உலாவி வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்குகிறதே, அங்கேதான். கடன் வாங்கிய குறி தன் சொந்த அகலத்தோடு வருவதால், அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் நகர்ந்துவிடும். ஆங்கில விசைப்பலகைக் குறிகளுக்கான அடிப்படைக் குறியாக்கமான ஆஸ்கியின் அச்சிடத்தக்க 95 குறிகள் எந்தச் சம அகல எழுத்துருவிலும் இருக்கும் என்பதால், தூய ஆஸ்கி ஓவியங்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. யூனிகோடில் 128 பெட்டிக்கோட்டுக் குறிகளும் கட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிரப்பும் 32 நிறைகட்டக் குறிகளும் உள்ளன. இவற்றைப் பயன்படுத்தும் படங்களே சிதறுகின்றன. அதிலும் சீன, ஜப்பானிய எழுத்துருவிலிருந்து பெட்டிக்கோடு கடன் வாங்கப்பட்டால் அது இரண்டு கட்டங்களை அடைத்துக்கொள்ளலாம்; அக்குறிகளின் அகலம் சூழலைப் பொறுத்தது என்றே யூனிகோடு வகைப்படுத்தியிருக்கிறது.

இனி உயரம். பெட்டிக்கோட்டுக் குறியின் தலையும் காலும் பெரும்பாலும் அந்த எழுத்துருவின் முழு ஏற்ற இறக்கத்தைத் தொடும்படி வரையப்பட்டிருக்கும். டெஜாவூ சான்ஸ் மோனோ எழுத்துருவில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து எழுத்தளவில் ஏறத்தாழ 1.16 பங்கு. வாசிப்புக்கு இதமாக இருக்கட்டும் என்று பக்கத்துக்கு 1.5 அல்லது 1.6 வரி உயரம் கொடுத்திருந்தால், எஞ்சிய பங்கு வெற்றிடமாக நின்று கோடு அறுபடும். ஆகவே ஓவியத்துக்கென்று தனியாக வரி உயரம் குறியுங்கள். அதை 'நார்மல்' என்றும் விட்டுவிடாதீர்கள். அவ்வாறு விட்டால் கடன் வாங்கிய குறி உள்ள வரி மட்டும் உயர்ந்துவிடக்கூடும். எண்ணாகக் கொடுத்தால் முதன்மை எழுத்துருவின் கணக்கே எல்லா வரிகளுக்கும் பொருந்தும்.

இவை அனைத்தையும் ஒருசேரத் தீர்க்கும் வழி, கட்டத்தையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்புவதுதான். பெட்டிக்கோடுகளும் நிறைகட்டங்களும் கொண்ட, உரிமம் அனுமதிக்கும் சம அகல எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, தேவையான குறிகளை மட்டும் வைத்து மற்றவற்றைக் கழித்து, வலை எழுத்துருவாக இணைத்துவிடுங்கள். கோப்பு மிகச் சிறியதாகவே இருக்கும்.

#6 பழந்திரை

சட்டம் போட்ட படங்கள் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. அவை பழைய டாஸ் இயங்குதளக் காலத்துக் கோப்புகளா? அப்படியானால் எந்த எண் எந்தக் குறியைக் காட்டும் என்ற குறியாக்கத்தை முதலில் கவனியுங்கள். 1981 இல் வந்த ஐபிஎம் கணினியின் 437 ஆம் குறிப்பக்கம் என்ற குறியாக்கத்தில்தான் அவை எழுதப்பட்டிருக்கும். உலாவிகள் புரிந்துகொள்ள வேண்டிய குறியாக்கங்களை வரையறுக்கும் தரநிலையில் 437 இல்லை. சிரிலிக் எழுத்துகளுக்கான 866 இருக்கிறது. இரண்டிலும் கோடுகளும் கட்டங்களும் ஒரே இடத்தில் இருப்பதால், கோப்பை 866 என்று அறிவித்துச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டங்கள் சரியாகவே வரும். ஆனால் படத்தில் உள்ள மேல்குறி இட்ட இலத்தீன் எழுத்துகள் எல்லாம் உருசிய எழுத்துகளாகிவிடும். தயவுசெய்து அந்தக் குறுக்குவழியை நாடாதீர்கள். கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு ஒரே முறையாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதல் 32 எண்களில் பலவற்றுக்கு 437 இல் இதயம், சிரித்த முகம் போன்ற உருவங்கள் இருந்தன. பொதுவான மாற்றுநிரல்கள் அவற்றைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகவே விட்டுவிடும். கோப்பின் இறுதியில் பொருளற்ற எழுத்துகள் தெரிந்தால், அது வரைந்தவரின் பெயரையும் அளவுகளையும் தாங்கிய 128 பைட்டுப் பதிவாக இருக்கக்கூடும். அழிப்பதற்கு முன் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த ஓவியங்கள் நம் திரையில் சரியாக ஒட்டிக்கொண்டாலும் சற்றுக் குள்ளமாகத் தெரியும். அக்காலத்து விஜிஏ திரைத்தரத்தின் உரைத்திரையில் 80 நிரல்களும் 25 வரிகளும் இருந்தன; ஒவ்வொரு கட்டமும் 9 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம்; மொத்தம் 720க்கு 400. இதை நான்குக்கு மூன்று விகிதத் திரையில் இழுத்துக் காட்டியதால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைப் போல் 1.35 மடங்கு உயரமாக இருந்தது. ஆகவே கட்டத்தின் உயரம் அகலத்தைப் போல் 2.4 மடங்கு. இன்றைய எழுத்துருக்களில் அது பெரும்பாலும் 2 மடங்கை ஒட்டியே அமைகிறது. வட்டமான முகம் ஏன் தட்டையாகத் தெரிகிறது என்று வியந்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

#7 புள்ளிக்கோலம்

எல்லோரும் பொறுமையாக விளக்குகிறீர்கள். ஆனாலும் எனக்கு ஓர் ஐயம். இவ்வளவு பாடுபடுவதைவிட, சரியாகத் தெரியும் கணினியில் ஒரு திரைப்பிடிப்பு எடுத்துப் படக்கோப்பாக வைத்துவிட்டால் எந்த உலாவியிலும் மாறாதே?

#8 அச்சுக்கோப்பவர்

மாறாது என்பது உண்மை; பழந்திரை சொன்ன விகிதத்தையும் அதில் காக்கலாம். ஆனால் நகலெடுக்க இயலாது, பெரிதாக்கினால் மங்கும், எந்தக் குறியால் எந்த நிழல் கொண்டுவரப்பட்டது என்று ஆராய்ந்து கற்கவும் வாய்ப்பில்லை. இந்தக் கலையைக் கற்றுக்கொள்பவர்கள் பிறருடைய படங்களை வரி வரியாக எடுத்துப் பிரித்துப் பார்த்தே கற்கிறார்கள். அந்த வாயிலை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எஸ்விஜி என்ற கோட்டுப்பட வடிவத்தில் ஒவ்வொரு வரியையும் ஓர் உரைக்கூறாக எழுதி, அந்த வரி எவ்வளவு நீளம் நிற்க வேண்டும் என்பதை 'டெக்ஸ்ட்-லெங்த்' பண்பில் கொடுத்தால், எழுத்துரு எதுவாயினும் வரியை அந்த நீளத்துக்கு இழுத்தோ சுருக்கியோ உலாவி பொருத்திவிடும். எழுத்துகள் எழுத்துகளாகவே இருப்பதால் நகலெடுக்கவும் முடியும். வெற்றிடங்களைக் காக்கும் பண்பை அங்கும் தனியே குறிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான படங்களுக்குக் கையால் செய்வது கடினம். சிறு நிரல் எழுதினால் போதும்.

#9 வரிவலை

சம அகல எழுத்துருவே எல்லாவற்றுக்கும் விடை என்று இழையைப் படிப்பவர்கள் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன். ஷிஃப்ட்-ஜிஸ் என்ற எழுத்துக் குறியாக்கத்தில் அமைந்த ஜப்பானியரின் ஓவியங்கள் தொகுப்பில் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். எம்எஸ் பி-கோதிக் என்ற எழுத்துருவில் ஒவ்வொரு குறிக்கும் வெவ்வேறு அகலம். 16 பிக்சல் அளவில் சிறிய இடைவெளி 5 பிக்சல், முழு அகல இடைவெளி 11 பிக்சல். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, பிக்சல் கணக்கில் கோட்டை நகர்த்தி வரையும் நுட்பம் அது. வலைப்பக்கத்தில் அடுத்தடுத்த சிறிய இடைவெளிகள் சுருங்கும். முழு அகல இடைவெளி சுருங்காது. அந்த விதிக்குள் இருந்துகொண்டே அவர்கள் கலையை வளர்த்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. இவற்றைச் சம அகலத்தில் போட்டால் முழுவதும் பாழாகும். அதே அளவுகள் கொண்ட மோனா என்ற கட்டற்ற எழுத்துருவை இணைத்து, 16 பிக்சல் எழுத்தும் 18 பிக்சல் வரி உயரமும் கொடுத்தால் உரிய உருவம் கிடைக்கும்.

#10 செவிவழி

நான் திரைவாசிப்பானைக் கொண்டு வலைப்பக்கங்களைப் படிப்பவன். நீங்கள் அனைவரும் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், அது இயல்பு. அந்தப் படங்கள் எனக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதையும் கேளுங்கள். மேலே வரிவலை இட்ட சிறு வீடு என் காதில் 'சாய்கோடு, பின்சாய்கோடு, அடிக்கோடு, அடிக்கோடு' என்று நீள்கிறது. 25 வரிப் படமென்றால் எப்போது முடியும் என்று அறியாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது வீடு என்று ஒருவர் சொன்னால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்கள் ஆஸ்கி ஓவியத்தை உரையாகக் கருதுவதில்லை. உரை அல்லாத உள்ளடக்கம் என்றே வரையறுத்து, அதற்கு மாற்றுரை வேண்டும் என்கின்றன. 'பிரீ'க்குப் படம் என்ற 'ரோல்' மதிப்பைக் கொடுத்து, 'ஏரியா-லேபிள்' பண்பில் படத்தை ஒரு வாக்கியத்தில் விவரித்தால் போதும். 'பூனை' என்று மட்டும் எழுதாமல், 'சன்னல் விளிம்பில் சுருண்டு உறங்கும் பூனை' என்று எழுதினால் நானும் அந்தப் படத்தைக் கண்டவனாவேன்.

#11 சதுரத்தாள்

ஐயா, தங்கள் பதிவைப் படித்ததும் கைவேலையை நிறுத்திவிட்டேன். இதுவரை ஒரு படத்துக்குக்கூட விளக்கம் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன், முடிந்த பின் தாங்களே கேட்டுப் பார்த்து எங்கே போதவில்லை என்று சொல்ல வேண்டும்.

#12 விரல்வழி

கைப்பேசியைப் பற்றி இன்னும் எவரும் சொல்லவில்லை. 0.6 அகல எழுத்துருவில் 80 குறி வரிக்கு எழுத்தளவைப் போல் 48 மடங்கு இடம் தேவை. 360 பிக்சல் அகலத் திரையில் அடக்க வேண்டுமானால் எழுத்தளவு 7.5 பிக்சலாகும். சொற்கள் இல்லாத படமென்றால் அந்த அளவிலும் அழகாகவே இருக்கும். சிறுத்த எழுத்தே ஓவியத்துக்கு நல்ல நிழல் தரும். ஆகவே அத்தகைய படங்களுக்குத் திரை அகலத்தைக் கொண்டு எழுத்தளவைக் கணக்கிடச் செய்யலாம். படத்துக்குள் வாசிக்க வேண்டிய சொற்கள் இருந்தால் சிறிதாக்காமல், பக்கவாட்டில் உருட்டிப் பார்க்கும்படி 'ஓவர்ஃப்ளோ' பண்பை அமையுங்கள். விசைப்பலகையாலும் உருட்ட முடியும்படி அந்தப் பகுதிக்குக் குவியம் (focus) கிடைக்கச் செய்யுங்கள். சில கைப்பேசி உலாவிகள் வாசிக்க எளிதாகட்டும் என்று எழுத்தைத் தாமாகவே பெரிதாக்கும். அதைத் தடுக்க 'டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்' பண்பை 100 விழுக்காடாக வையுங்கள்.

பழந்திரை சொன்ன இதயக்குறியும் கைப்பேசியில் வண்ண எமோஜியாக மாறி இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொள்ளக்கூடும். குறியை அடுத்து, உரைவடிவம் வேண்டும் என்று கேட்கும் யூனிகோடின் 15 ஆம் வேறுபாட்டுத் தேர்வுக்குறியை இட வேண்டும்.

#13 புள்ளிக்கோலம்

என் ஐயம் தீர்ந்தது. நானும் எழுத்தாகவே வைக்கிறேன். என்னிடம் சட்டத்துக்குள் தமிழ்த் தலைப்பு எழுதிய படங்கள் சில இருக்கின்றன. அவற்றின் வலப்பக்கச் சுவர் எந்த உலாவியிலும் நேராக நிற்பதில்லை. தமிழுக்குச் சம அகல எழுத்துரு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடுமா?

#14 நேர்கோடு

தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும் எழுத்து முறை அன்று. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறிகள். திரையில் மூன்று உருவங்கள். 'ணை'யையும் 'ர'வையும் ஒரே அகலத்தில் அடைத்தால் ஒன்று நசுங்கும், மற்றொன்று மிதக்கும். எனவே எழுத்தை வளைக்காமல், எழுத்து நிற்கும் இடத்தை உறுதி செய்யுங்கள். தமிழ்ச் சொல்லைத் தனிக் குறிச்சொல்லில் இட்டு, வரிக்குள் நிற்கும் பெட்டியாக்கி, அதற்கு 'சிஎச்' அலகில் அகலம் கொடுங்கள். சம அகல எழுத்துருவில் 'சுழியம்' என்ற இலக்கம் பிடிக்கும் அகலமே ஒரு 'சிஎச்'. அதாவது சரியாக ஒரு கட்டம். 12 கட்டங்களை ஒதுக்கினால், சொல் அதற்குள் அடங்கும் வரை சுவர் தன் இடத்தைவிட்டு அசையாது. பெட்டியின் எழுத்துருப் பட்டியலில் முதற்பெயர் ஓவியத்தின் எழுத்துருவாகவே இருக்க வேண்டும். மாற்றிவிட்டால் 'சிஎச்'சின் அளவும் மாறிவிடும்.

#15 சதுரத்தாள்

இரண்டு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். முதல் வரி விலகியதற்கு 'டெக்ஸ்ட்-இன்டென்ட்'தான் காரணம். நீக்கியதும் கோபுரங்கள் தம் உச்சியைத் திரும்பப் பெற்றன. வலை எழுத்துருவை இணைத்து வரி உயரத்தை 1.16 ஆக்கியபின் சட்டங்கள் அறாமல் நிற்கின்றன. டாஸ் கோப்புகளை மாற்றியபோது பழந்திரை சொன்ன 128 பைட்டுப் பதிவு பலவற்றில் இருந்தது. பெயர் தெரியாமல் வைத்திருந்த படங்களுக்கு இப்போது வரைந்தவரின் பெயரைப் போட முடிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

தீராதது ஒன்று உண்டு. பின்னணி வண்ணம் கொண்ட படங்களில், உலாவியை 110 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் வரிகளுக்கிடையே மயிரிழை போல ஒரு கீற்று தெரிகிறது. 100இலும் 200இலும் தெரிவதில்லை.

#16 அச்சுக்கோப்பவர்

வரி உயரம் முழுப் பிக்சலில் முடியாததால் வரும் கீற்று அது. 16 பிக்சல் எழுத்துக்கு 1.16 என்றால் 18.56, இரண்டு வரிகளின் பின்னணி சந்திக்கும் விளிம்பு பிக்சலின் நடுவில் விழுகிறது. வண்ணப் படங்களுக்கு மட்டும் வரி உயரத்தை 18 பிக்சல் என்று முழு எண்ணாகக் கொடுங்கள். 110இல் அது 19.8 ஆகும் என்பதால் முற்றிலும் மறையாது. மறைந்தே ஆக வேண்டிய படங்களை எஸ்விஜியில் வைத்து, ஒவ்வொரு வரியின் வண்ணப் பட்டையையும் அடுத்த வரிக்குள் அரை பிக்சல் நீட்டி முதலில் வரைந்துவிட்டு, எல்லா எழுத்துகளையும் அவற்றின்மேல் இடுங்கள். ஒரு படத்தைச் செய்து பார்த்து இங்கே இடுங்கள். எந்தப் பெருக்கத்தில் கீற்று எஞ்சுகிறது என்று நானும் என் உலாவிகளில் பார்த்துச் சொல்கிறேன்.